ஒரு பிடி புத்தரிசி

நாரைக்குடியில் அந்த வருஷம் தை பிறக்கவில்லை. பிறக்கவில்லை என்றால் தாமதமாகப் பிறந்தது என்றோ, பனிமூட்டத்தில் பிறந்தது தெரியாமல் போயிற்று என்றோ அர்த்தமில்லை. மார்கழிக் கடைசி நாள் விடிந்து, சாய்ந்து, இருட்டி, மறுபடி விடிந்தபோது அதே மார்கழிக் கடைசி நாளாகவே இருந்தது, சுவரில் தொங்கிய காலண்டரில் தாளைக் கிழித்தால் அடியில் அதே தேதி, அதே போகி, அதே ராகுகாலம் என்று இன்னொரு தாள் இருந்தது, ஊரும் இரண்டு நாள் கிழித்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கிழிப்பதை விட்டுவிட்டது.

ஏன் பிறக்கவில்லை என்பதில் நாரைக்குடிக்காரர்களுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. மற்ற ஊர்களில் சூரியன் வடக்கே திரும்பினால் தை, அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நாரைக்குடியில் பண்ணை வீட்டு வாசலில் முதல் பானை பொங்கினால்தான் தை. மற்ற ஊர்களில் பால் பொங்கிய பிறகு அரிசியைப் போடுவார்கள். இங்கே பண்ணை வீட்டுப் பெரியவர் தன் கையால் ஒரு பிடி புத்தரிசியைப் பானையில் போட்ட பிறகுதான் பால் எழும்பும், எழும்பி வழிந்ததும் ஊரின் நல்லது கெட்டதுக்கெல்லாம் சங்கு ஊதுகிற முருகையன் சங்கை ஊதுவான், சங்குச் சத்தம் கேட்ட பிறகுதான் மற்ற வீட்டு வாசல்களில் அடுப்பு பற்றும். எந்தக் காலத்திலோ எந்தப் பண்ணையாரோ தன் பெருமைக்காக ஏற்படுத்திய வழக்கம். யார் ஏற்படுத்தினால் என்ன, நாலு தலைமுறை விடாமல் செய்தால் சூரியனும் அதற்குக் கட்டுப்பட்டுவிடும் போலிருக்கிறது.

அந்த வருஷம் பெரியவர் வைத்தியலிங்கம் கையைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். மூச்சிரைப்பு வந்து கார்த்திகையிலிருந்து கட்டிலோடு கிடந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். மஞ்சள் கொத்து கட்டிய பானையில் பால் கொதித்துக்கொண்டிருந்தது, கிழக்கே வெளுத்திருந்தது, ஊர் முழுக்கக் குளித்துவிட்டு வந்து நின்றது. அவருடைய மகள் அபயாம்பாள் முறத்தில் அரிசியை ஏந்தி அவர் முன்னால் குனிந்தாள். அவர் ஒரு பிடி அள்ளினார். பானைக்கு மேலே கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"போடுங்கப்பா" என்றான் மகன் மாயூரநாதன்.

பெரியவர் கிழக்கே ஒரு தடவை பார்த்தார். "விரல் வரல" என்றார். "நாளைக்குப் போடுறேன்."

பால் பானைக்குள்ளேயே தடதடவென்று சத்தம் போட்டது, ஆடை கட்டியது, அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது, கழுத்துக்கு மேலே மட்டும் எழும்பவில்லை. வெளுத்த கிழக்கு மறுபடி பனியில் மூடிக்கொண்டது. பெரியவரின் விரல்களை யாராவது பிரித்துவிட்டிருந்தால் தீர்ந்தது வேலை. ஆனால் நாரைக்குடியில் அவருக்கு முன்னால் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நின்றவர்களே கிடையாது, விரலைத் தொடுவது யார்? ஐயாவுக்கு முடியவில்லை, பாவம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவரோடு ஒருவர் சொல்லிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

விரலில் ஒன்றுமில்லை என்பது அபயாம்பாளுக்கு மட்டும் தெரியும். நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்ததும் அவள் காப்பியை ஆற்றி எடுத்து வந்தாள்; அவர் டம்ளரை வாங்குவதற்காகக் கையைத் திறந்தார், ஒரு விரலும் தகராறு செய்யவில்லை, அரிசி அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவர் உடம்புச் சூட்டில் அது கதகதவென்றிருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் காப்பியைக் குடித்தார். அவளும் எதுவும் கேட்கவில்லை.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? கார்த்திகை தீபத்தன்றும் மறுநாளுமாக அந்த வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. தீபத்தன்று கோயிலுக்கு விளக்குச் சரம் கட்ட எதிர்க்கரையிலிருந்து நீலமேகம் வந்திருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் மைக்செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிறவர், தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனக்கென்று நிமிர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். வாசல் முழுக்க அகல் வைத்துக்கொண்டிருந்த அபயாம்பாளைப் பார்த்துவிட்டு, நேரே உள்ளே போய்ப் பெரியவரிடமே பெண் கேட்டார். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அம்மா செத்த வருஷத்திலிருந்து வந்த வரன்களையெல்லாம் பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்றே சொல்லித் திருப்பிய பெரியவர், அன்றைக்கு மூச்சு முட்டிய பயத்தில், புண்ணியம் சேர்க்கிற அவசரத்தில், "தை பொறக்கட்டும், தர்றேன்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் வந்த ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, சூரியன் வடக்கே திரும்பியதும் ஐயாவுக்கு நல்ல கதி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று பெரியவருக்குத் தெரியாதா? மகளுக்கு எந்தத் தையோ அப்பாவுக்கும் அதே தை. அவர் தன் கையை மூடிக்கொண்டார்.

ஊர் முதலில் கொஞ்சம் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. தினமும் விடியலில் போகித் தீ, தினமும் பண்ணை வீட்டு வாசலில் பானை, தினமும் பெரியவர் ஒரு பிடி அள்ளி நீட்டி, நாளைக்கு என்பது, தினமும் எல்லோரும் கலைந்து போவது. பெண்கள் வாசலில் கோலம் போட்டுச் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகினார்கள்; பூசணிக்கொடி அவர்கள் கேட்ட பூவையெல்லாம் கொடுத்தது, ஒரு காய்கூட வைக்கவில்லை. பொங்கலுக்கு வாங்கிச் சாத்திய கரும்புகள் சாத்திய இடத்திலேயே வேர் பிடித்துத் தோகை விட்டன. வயலில் நெல் தலை சாய்ந்து நின்றது, முற்றவுமில்லை, உதிரவுமில்லை. ஒரு கொம்புக்கு மட்டும் வர்ணம் அடித்த மாடுகள் அப்படியே திரிந்தன, பார்க்கப் பார்க்க அதுவே அழகாகத்தான் இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் தேதி நின்றதே தவிர பகல் நிற்கவில்லை, அது தேய்ந்துகொண்டே வந்தது. சூரியன் எழுகிற இடம் தெற்கே தெற்கே நகர்ந்து, தென்னந்தோப்புக்கு மேலிருந்து செங்கல் சூளைக்கு மேலே போய், அங்கிருந்து சுடுகாட்டுக் கொட்டகைக்கு மேலே போயிற்று, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தி வந்து கொஞ்சம் முந்திப் போயிற்று. துவைத்த துணி காயவில்லை. கோழிகள் மத்தியானமே கூண்டைத் தேடின. மேலே பரணில் ஏற்றிய கார்த்திகை அகல்களையெல்லாம் இறக்கிவந்து தினமும் ஏற்றினார்கள். அப்படியும் ஒருவரும் பெரியவர் வீட்டு வாசலில் வந்து நின்று எங்கள் பகலைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார்கள்? அறுப்பு இல்லையென்றால் குத்தகை அளக்க வேண்டாம் என்று குத்தகைக்காரர்கள் இருந்தார்கள். பரீட்சை மாதம் வராது என்று பையன்கள் இருந்தார்கள். கோயிலில் மார்கழி பூஜைக்குத் தினமும் வெண்பொங்கல் உண்டு, குருக்களுக்கு அது போதும். டீக்கடைக்காரனுக்கு இருட்டு நீள நீள வியாபாரம் நீண்டது. மாயூரநாதனுக்குத் தங்கை கல்யாணச் செலவு இல்லை, அவன் மனைவி புனிதவதிக்கு மாமனாரைப் புரட்டிப் போட ஆள் இருந்தது, அடுப்படிக்கும் அதே ஆள் இருந்தது. ஊரில் கட்டிலோடு கிடந்த கிழடுகளெல்லாம் பெரியவரைப் பார்த்துத் தாங்களும் தைக்குப் பிறகு போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு சௌகரியம் கிடைத்துவிட்டால் இருட்டு யாருக்கும் இருட்டாகத் தெரிவதில்லை. அபயாம்பாள் ஒருத்திக்குத்தான் தை வேண்டியிருந்தது, அதை அவள் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, சொன்னால் அப்பன் சாகட்டும் என்று சொன்னதாக ஆகும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாதங்கள் நடந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான் தூரம். நீலமேகத்தின் ஒலிபெருக்கியில் முதலில் தைப்பூசத்துக் காவடிப் பாட்டு கேட்டது, பிறகு மாசி மகத்துக்கு மேளம், பிறகு பங்குனி உத்திரத்துக்கு வள்ளி கல்யாண நாடகம். நாரைக்குடிப் பனியில் நின்று சாணி தட்டிக்கொண்டே அபயாம்பாள் தனக்குத் தப்பிப்போகிற ஒவ்வொரு முகூர்த்த மாதத்தையும் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் நீலமேகம் வந்தார். சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்து வந்தவர், பாதிப் பாலம் தாண்டியதும் தோள் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மாயூரநாதன் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தான்.

"தை பொறக்கட்டும் மாப்பிள்ளை. மொத முகூர்த்தம் நம்மளதுதான்."

"அங்க பங்குனியே முடியப் போவுது மச்சான்."

"அது உங்க ஊருக்கு. எங்களுக்கு இன்னும் மார்கழியே போவலியே" என்று மாயூரநாதன் சிரித்தான். அவன் சிரிக்கிறவரைக்கும் பேச்சுக்கு மரியாதை இருக்கும் என்று நீலமேகமும் லேசாகச் சிரித்துவைத்தார்.

அவரை வழியனுப்புகிற சாக்கில் அபயாம்பாள் பாலம் வரைக்கும் கூடவே போனாள். அவர் பாலத்தின் நடுவில் நின்றார். அவர் பாதி வெயிலிலும் பாதி பனியிலும் இருந்தார்.

"அபயம், இப்படியே நட. அந்தப் பக்கம் கால வச்சா பங்குனி. நாளைக்கே கோயில்ல வச்சு முடிச்சிரலாம்."

"மார்கழியில பொண்ண அனுப்ப மாட்டாங்க."

"அவங்க அனுப்ப வேணாம். நீயா வா."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்த ஊருல எத்தன பொண்ணுங்களுக்கு நான் வரிசைத் தட்டு தூக்கியிருக்கேன் தெரியுமா? ஒரு தடவ எனக்கு ஒருத்தர் தூக்கட்டுமேன்னு இருக்குங்க. போயிட்டு வாம்மான்னு அப்பா ஒரு வார்த்த சொல்லட்டும். சொன்னா வந்துர்றேன்."

"சொல்லுவாரா?"

"சொல்லுவாரு. நான்தானே அவருக்கு எல்லாம்."

"சரி, நான் காத்திருக்கேன்" என்று அவர் வெயிலுக்குள் போனார். அந்த ஒரு தட்டுக்கு ஆசைப்பட்டதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அது ஒன்றும் பேராசையாகத் தெரியவில்லை, ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் கிடைப்பதுதானே.

அதற்குப் பிறகு எதிர்க்கரையில் சித்திரை வந்தது, ஆடிப்பெருக்கில் பெண்கள் பாட்டுப் பாடினார்கள், தீபாவளிக்கு வெடி வெடித்தார்கள், கார்த்திகைக்கு அந்தப் பக்கத்துச் சொக்கப்பனை எரிந்த வெளிச்சம் வாய்க்கால் தண்ணீரில் விழுந்து நாரைக்குடிக்காரர்கள் ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவு வெளிச்சம் பார்த்து அவர்களுக்கு நாளாகியிருந்தது. அப்போது நாரைக்குடியில் பகல் என்பது உலை வைத்துச் சோறு வடித்து இறக்குகிற நேரம்தான். இருந்தாலும் சௌகரியமாகத்தான் இருந்தார்கள். சின்னப் பகலுக்கு ஏற்ற சின்ன வேலைகளைச் செய்துவிட்டு, நாள் நல்லபடியாகப் போயிற்று என்று படுத்தார்கள். பிறகு எதிர்க்கரைக்கும் மார்கழி வந்தது. இரண்டு கரையிலும் ஒரே பனி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிவந்த அந்த ஊர் நின்ற இடத்திலேயே நின்ற இந்த ஊரைப் பிடித்துவிட்டது. அந்த மார்கழி முடிகிற சமயம் நீலமேகம் ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பினார்: தங்கைகளெல்லாம் சேர்ந்து வேறு பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள், இந்தத் தை வரைக்கும்தான் தன்னால் அவர்களை நிறுத்தி வைக்க முடியும்.

அந்தச் சேதி வந்த மறுநாள் விடியலில் போகித் தீ மூட்டினார்கள். பழையதை எரிக்கிற நாள் தினமும் வந்தால் பழையதுக்கு எங்கே போவது? கிழிந்த பாய், தேய்ந்த விளக்குமாறு, ஒடிந்த முறம் எல்லாம் எப்போதோ எரிந்து தீர்ந்திருந்தன, பிறகு தொட்டில்களையும் ஏணிகளையும் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளையும் எரித்திருந்தார்கள், இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புனிதவதி உள்ளேயிருந்து ஒரு காகிதக் கட்டைத் தூக்கிவந்து தீயில் போட்டாள். ஓரத்தில் மஞ்சள் தடவிய கட்டு. போன வருஷம் அச்சடித்து வைத்த அபயாம்பாளின் கல்யாணப் பத்திரிகைகள்.

"அண்ணி" என்றாள் அபயாம்பாள்.

"என்ன பாக்குற? அதுல போட்டிருக்கிற தேதி எப்பவோ போயிருச்சு. பழசுதானே?"

புனிதவதி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் அபயாம்பாளைச் சுட்டது. மேலே இருந்த பத்திரிகையில் அவள் பெயரும் நீலமேகத்தின் பெயரும் கருகி மடங்கின. அவள் அழவில்லை. குளித்துவிட்டு வந்து முறத்தில் அரிசியைப் புடைத்து எடுத்துக்கொண்டாள்.

நாற்காலி வந்தது, பானை கொதித்தது, ஊர் வழக்கம்போல் வந்து நின்றது, பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் முதல் பானை பொங்கிவிட்டது, அங்கிருந்து குலவைச் சத்தம் கேட்டது. பெரியவர் ஒரு பிடி அள்ளி நீட்டினார். வருஷம் முழுக்கத் தேய்ந்ததில் கை குச்சியாக இருந்தது, மூடிய முஷ்டி மட்டும் பழைய பண்ணையாருடையது. அபயாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவர் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

ஊரில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"அபயம், வேணாம்மா" என்றார் பெரியவர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"போடுங்கப்பா."

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தாம்பா பயமா இருக்கு."

அவள் சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். அந்த விரல்களுக்கு நகம் வெட்டியது அவள், எண்ணெய் தேய்த்தது அவள், சோறு ஒட்டினால் கழுவிவிட்டது அவள்; எந்த விரல் எந்தக் கணுவில் இளகும் என்று அவளுக்குத் தெரியும். அவர் எதிர்த்து இறுக்கத்தான் செய்தார், அவளும் விடவில்லை, அப்பாவின் பயத்தைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரிக்கிறோம் என்று தெரிந்தேதான் பிரித்தாள், அதற்கு அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க நினைக்கவில்லை. கட்டைவிரல் விலகியதும் அரிசி பானையில் விழுந்தது.

பால் எழும்பியது. ஒரு வருஷமாகக் கழுத்தளவில் கிடந்த பால் நுரைத்துச் சீறி நாலு பக்கமும் வழிந்து தீயை அணைத்தது, சூரியன் சுடுகாட்டுக் கொட்டகையை விட்டுத் தாவி வந்ததுபோல் தென்னந்தோப்புக்கு மேலே நின்றான், பனி விலகி ஊரே கண்ணைப் பொத்திக்கொண்டது. முருகையன் பதறிப்போய் சங்கை எடுத்து ஊதினான். பொங்கலோ பொங்கல் என்று குழந்தைகள் கத்தின. பெரியவர் முகத்தில் வெயில் பட்டது. அவர் ஆச்சரியமாக, "அட, வெயிலு" என்றார். அதோடு அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முருகையன் வாயிலிருந்து எடுத்த சங்கை மறுபடி வைத்து ஊதினான், இந்தத் தடவை வேறு காரியத்துக்கு.

அன்று பொழுது சாயவே இல்லை. வருஷம் முழுக்கப் பிடித்துவைத்திருந்த பகல் எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கிவிட்டது. வாசலில் பந்தல் போட்டார்கள், நாற்காலியில் கிடந்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள், உறவுக்காரர்கள் வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தார்கள், சூரியன் உச்சியிலேயே இருந்தான். அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு வருஷத்துக்குப் பிறகு சரியாகப் பார்த்து, இவ்வளவு நரைத்துவிட்டோமா என்று திடுக்கிட்டார்கள். அந்தத் திடுக்கத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்தான் அவர்களுக்குக் கிடைத்தது: பெத்த அப்பன் கையைப் பிரித்தவள். பெண்கள் ஒப்பாரிக்கு நடுவிலேயே அதைச் சொன்னார்கள்.

நீலமேகம் வந்து மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றார். மாயூரநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்படி ஆயிப்போச்சே மாப்பிள்ளை. தீட்டோட கல்யாணம் பண்ண முடியாது. தலைத் திவசம் கழியட்டும், அடுத்த தையில வச்சுக்கலாம்."

அபயாம்பாள் நீலமேகத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் யோசித்தார், கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"ஆவட்டும் மச்சான். ஒரு வருஷம்தானே."

அப்போது அவள் வாயைத் திறந்தாள். "திவசம் தையிலதானேண்ணே வரும்?"

"ஆமா, தையிலதான்."

"திவசம் கழியாம நம்ம வீட்டுல பொங்கப் பானை ஏத்தக்கூடாது. நம்ம வீட்டுப் பானை பொங்காம இந்த ஊருல தை பொறக்காது. தை பொறக்காம திவசம் எப்படிண்ணே வரும்?"

குருக்கள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார், பிறகு மடக்கிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம்" என்றான் மாயூரநாதன். பார்த்துக்கொள்ளலாம் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள், அவர்களில் சிலர் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது, நரையையும் குத்தகையையும் அடுத்த மார்கழி பார்த்துக்கொள்ளும். நீலமேகமும் தலையாட்டினார். வெயில் நாட்டிலிருந்து வந்த மனுஷன், அவருக்கும் அந்தத் தலையாட்டல் வந்துவிட்டது.

வாய்க்கரிசிக்கு நேரமாயிற்று என்றார்கள். மகன் போட்டான், மருமகள் போட்டாள், பிறகு அபயாம்பாளைக் கூப்பிட்டார்கள். அவள் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். காலையில் அவள் புடைத்த அதே புத்தரிசிதான். அப்பாவின் வாய்க்கு நேரே கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"போடு அபயம்" என்றான் மாயூரநாதன்.

"விரல் வரல" என்றாள். "நாளைக்குப் போடுறேன்."

ஊரில் யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, கலைந்து போகவும் இல்லை. மகள் அரிசி போடாமல் பாடை எழும்பாது. பெரியவர் விரலைத் தொட ஒரு வருஷமாக ஒரு கை கிடைக்காத அந்த ஊரில், இவள் விரலைப் பிரிக்க எங்கிருந்தெல்லாமோ கைகள் வந்தன. புனிதவதி மணிக்கட்டைப் பிடித்தாள், மாயூரநாதன் கட்டைவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தான், அத்தை முறையாகிறவள் ஒருத்தி, சித்தப்பா முறையாகிறவர் ஒருவர், சங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முருகையன், ஆளுக்கு ஒரு விரல். வலித்தது. அவள் சத்தம் போடவில்லை, விடவும் இல்லை. கடைசியில் சுண்டுவிரல் ஒன்றுதான் மடங்கியபடி இருந்தது.

"விடு அபயம், ஊரு பாக்குது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அதைப் பிரித்தவர் நீலமேகம். நல்ல மனுஷர்தான், வலிக்காமல்தான் பிரித்தார்.

அரிசி அப்பாவின் உதட்டில் விழுந்து இரண்டு பக்கமும் சிதறியது. பாடையைத் தூக்கினார்கள், சங்கு ஊதியது, ஆண்களெல்லாம் பின்னால் போனார்கள், பெண்கள் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவ ஆரம்பித்தார்கள். அபயாம்பாள் சிவந்துபோன உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வியர்வையில் ஒரே ஒரு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ஒப்பாரி சட்டென்று நின்றது; புனிதவதி கையிலிருந்த குடம் சாய்ந்து தண்ணீர் போனது அவளுக்கே தெரியவில்லை.

பச்சரிசி, மெல்ல மெல்லக் கொஞ்சம் இனித்தது. அதை மென்றுகொண்டே அவள் படியிறங்கிப் பாலத்தின் பக்கம் நடந்தாள். யாரும் மறிக்கவில்லை, வாய்க்கரிசி விழுந்தவளை எந்த முறை சொல்லி நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாலத்தைத் தாண்டி, நீலமேகத்தின் பூட்டிய கடையையும் தாண்டி, வெயில் முகத்தில் அடிக்க அவள் போய்க்கொண்டே இருந்தாள்.